செவி கூறும் தீர்ப்பு

நமக்கு நன்கு அறிமுகமான குடும்பம் ஒன்றின் இல்லத்திற்குச் சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் சென்றிருந்தோம். வெளியூரில் பணியாற்றும் மூத்த மகன் விடுமுறையில் வந்திருந்தான். மேசையின்மீது காதுக்குள் பொருத்திக்கொள்ளும் இயர்போன்கள் இரண்டு இருந்தன. ஒன்றின் விலை 2,000 ரூபாய், அது அவனுடையது. மற்றொன்றின் விலை 40,000 ரூபாய். அதை நண்பனிடமிருந்து இரவலாகக் கொண்டுவந்திருந்தான். "சாமி, இரண்டையும் கேட்டுச் சொல்லுங்கள். இதுபோல் ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன், அப்பா வேண்டாம் என்கிறார்" என்றான்.

நாமும் இசையறிவு ஓரளவு உடையோம் என்னும் துணிவில் அமர்ந்தோம். ஒரே பாடலை இரண்டிலும் கேட்டோம். விலை மிகுந்ததே தெளிவானது, ஆழமானது, உயிருள்ளது என ஐயமறத் தீர்ப்பளித்தோம். மகன் புன்னகைத்தான். "அது கொஞ்சம் உரக்க ஒலிக்கிறது, சாமி" என்று கூறி, அதன் ஒலியை இரண்டு படி குறைத்துக் கொடுத்தான். மீண்டும் கேட்டோம். வேறுபாடு இருந்தது உண்மையே. ஆனால் எது சிறந்தது என்று கூற நம் நா எழவில்லை. சற்றுமுன் அத்துணை உறுதியோடு நாம் அளித்த தீர்ப்பு எங்கே போயிற்று?

இந்த வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

உரத்ததெல்லாம் உயர்ந்ததன்று

இரண்டு ஒலிகளை ஒப்பிடும்போது, சிறிதளவே உரத்து ஒலிப்பதைக்கூட மனிதச் செவி 'நல்லது' எனக் கொண்டுவிடும். ஒரு டெசிபெல் அளவிலான வேறுபாட்டை 'இது உரக்க ஒலிக்கிறது' என்று நாம் உணர்வதில்லை. 'இது தெளிவாக இருக்கிறது' என்றே உணர்கிறோம். இதற்குக் காரணம் உண்டு. உரப்பு குறையும்போது தாழ்ந்த ஒலிகளைக் கேட்கும் ஆற்றல் நம் செவியில் விரைந்து குறைகிறது. பிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1933-ஆம் ஆண்டிலேயே இதனை அளந்து வரைபடமாக்கினர். ஒரே பாடலைச் சற்று உரக்க ஒலிக்கச் செய்தால், அதன் அடித்தளம் தானே நிறைவு பெறுகிறது. ஆகவே உரப்பைச் சமன் செய்யாது இரண்டு கருவிகளை ஒப்பிடுவது, முள்ளைச் சரிபாராத தராசில் பொன்னை நிறுப்பதற்கு ஒப்பாகும்.

காதுக்குள் நிகழ்வது என்ன?

இயர்போனை மதிப்பிட விழைவோர் முதற்கண் தம் செவியின் அமைப்பை அறிதல் வேண்டும். வெளியிலிருந்து வரும் ஒலி செவிமடலில் பட்டு, ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமுள்ள செவிக்குழலின் வழியே செவிப்பறையை அடைகிறது. புல்லாங்குழலின் துளைக்கு ஓர் ஒலி இயல்பாக அமைந்திருப்பது போலவே இக்குழலுக்கும் ஓர் இயல்பான அதிர்வு உண்டு. அதனால் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் செவிப்பறையை அடையுமுன் பெரிதும் வலுப்பெறுகின்றன. பிறந்தநாள் முதல் நாம் கேட்டுவருவது இவ்வாறு வலுப்பெற்ற ஒலியையே.

இயர்போனைக் காதுக்குள் செருகியதும் குழலின் வாயில் அடைபடுகிறது, செவிமடலுக்கு வேலையில்லை, இயல்பான அந்த அதிர்வும் மாறிவிடுகிறது. எனவே இழந்ததை இயர்போனே ஈடு செய்தாக வேண்டும். எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் தரும் கருவியே சிறந்தது என்று நாம் எண்ணக்கூடும். அத்தகைய கருவியைக் காதுக்குள் வைத்தால் குரல்கள் மங்கி, கதவுக்கு அப்பாலிருந்து ஒலிப்பன போல் தோன்றும். எந்த இடத்தில், எவ்வளவு ஏற்றம் தருவது என்பதிலேயே உருவாக்குவோரின் திறமை அடங்கியுள்ளது.

ஒருவர் செவிக்குழல் போல் மற்றவர் செவிக்குழல் அமைவதில்லை. இயர்போன் உள்ளே எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதைப் பொறுத்தும் உயர்ந்த ஒலிகள் மாறுபடும். ஆதலால் ஒரே கருவியைப் பற்றி நேர்மையுள்ள இருவர் இருவேறு தீர்ப்புகள் கூறுவது இயல்பே. இவ்வகைக் கருவிகளை அளப்பதற்கென 711 என்னும் எண் கொண்ட பன்னாட்டுத் தரம் 1981-இல் வகுக்கப்பட்டது. உலோகத்தாலான அந்தச் செயற்கைச் செவியும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளில் நம்பத்தக்க சான்று கூறுவதில்லை.

செவித்துணைக் கருவியின் வழித்தோன்றல்

இன்றைய உயர்தர இயர்போன்கள் காது கேளாதோருக்கு உதவும் கருவிகளுக்குப் பெரிதும் கடன்பட்டவை. இயர்போனுக்குள் ஒலியை எழுப்பும் முறைகளில் இரண்டு பெருவழக்கில் உள்ளன. முதலாவது, ஒலிபெருக்கியில் உள்ளது போலக் காந்தமும் கம்பிச்சுருளும் மெல்லிய தகடும் கொண்ட முறை. இரண்டாவது, காந்தங்களுக்கு நடுவே சமநிலையில் நிற்கும் சிறு உலோக நாக்கு ஒன்று அசைந்து, ஊசி போன்ற தண்டினால் தகட்டை அசைக்கும் முறை. அரிசி மணியைவிடச் சற்றே பெரிதாக இதனை அமைக்க முடிந்தமையால், செவித்துணைக் கருவிகளில் இது நெடுங்காலம் பயன்பட்டது.

செவித்துணைக் கருவித் துறையில் பெயர்பெற்ற மீட் கில்லியன் நிறுவிய எட்டிமோட்டிக் ரிசர்ச் என்னும் அமெரிக்க நிறுவனம், 1991-இல் ஈஆர்-4 என்னும் இயர்போனை வெளியிட்டது. ஒரு காதுக்கு ஒரே ஓர் ஒலிப்பான்தான் அதில் உண்டு. 1995-இல் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, பேரிரைச்சல் மிக்க மேடையில் முரசு வாசிக்கும் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதுக்குள் பொருந்தும் கருவி ஒன்றைச் செய்தளித்தார். இன்றோ, ஒரு காதுக்கு பத்து ஒலிப்பான்களும் அதற்கு மேலும் அடக்கி, ஓர் இலட்சம் ரூபாயைக் கடந்த விலையில் விற்பனையாகும் இயர்போன்களும் உண்டு. ஒலிப்பான்களின் எண்ணிக்கை மிகுதலால் மட்டும் இசை இனிமையாகிவிடாது. பலர் கூடிப் பாடினும், ஒத்துப் பாடினாலன்றோ அது பாடற்குழு?

கண் பேசும், காது கேட்கும்

1994-இல் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் பிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆய்வாளர்கள் ஒலிபெருக்கிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். கருவிகளைக் கண்ணால் கண்டு கேட்டபோது, பெரியவையும் அழகியவையும் மிகுதியான மதிப்பெண் பெற்றன. திரையால் மறைத்து, அதே மனிதர்களைக் கேட்கச் செய்தபோது மதிப்பெண்கள் மாறின. கேட்டவர்கள் எவரும் பொய் கூறினாரல்லர். கண் கண்டதைக் காது கேட்டதாக மனம் எழுதிக்கொண்டது, அவ்வளவே.

இயர்போனைத் திரையிட்டு மறைக்க இயலாது; காதுக்குள் வைத்ததும் அதன் எடையும் வடிவமும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஆலிவும் அவர்தம் குழுவினரும் 30 வகை இயர்போன்களின் ஒலித்தன்மையை ஒரே இயர்போனில் போலியாக அமைத்து, 71 பேரைக் கேட்கச் செய்தனர். பெரும்பாலோர் விரும்பியது ஏறத்தாழ ஒரே வகையான ஒலியமைப்பையே என 2017-இல் அறிவித்தனர். அதே ஆண்டில் யெரூன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் ஒலியளவுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு, இரண்டிற்கும் தொடர்பு காணப்படவில்லை என எழுதினார். உயர்ந்த விலை, நேர்த்தியான கட்டமைப்பையும் நீடித்த உழைப்பையும் அழகையும் தரலாம். இனிய ஒலிக்கு அது உறுதிமொழி ஆகாது.

எவ்வாறு மதிப்பிடுவது?

முதலில், ரப்பர் முனை காதில் காற்றுப் புகாது பொருந்துகிறதா எனக் காணுங்கள். சிறிது இடைவெளி இருப்பினும் தாழ்ந்த ஒலி முற்றும் கசிந்துவிடும். 'இதில் ஆழமில்லை' எனப் பலர் தள்ளிவிடும் இயர்போனில் குற்றம் கருவியினுடையதன்று, முனையின் அளவினுடையது.

இரண்டாவதாக, உரப்பைச் சமன் செய்யுங்கள். மூன்றாவதாக, நீங்கள் பலமுறை நேரில் கேட்டுப் பழகிய ஒலிகளைக் கொண்டு சோதியுங்கள். மனிதக் குரலே தலைசிறந்த உரைகல். 'ச', 'ஸ' ஒலிகள் ஊசிபோல் குத்துகின்றனவா? மார்பிலிருந்து எழும் குரல் மூக்கிலிருந்து எழுவதுபோல் உள்ளதா? மிருதங்கத்தின் இடந்தலை, கும்மென்று எழுந்து உடனே அடங்குகிறதா, அல்லது பரவிக் குழம்புகிறதா? பலர் சேர்ந்து பாடும்போது ஒரு குரலை மட்டும் பின்தொடர இயல்கிறதா?

நான்காவதாக, பத்து நிமிடத்தில் முடிவு செய்யாதீர்கள். உயர்ந்த ஒலிகளை மிகுத்துக் காட்டும் கருவி முதலில் வியப்பூட்டும்; ஒரு மணி நேரத்தில் களைப்பூட்டும். பல நாள் கேட்டபின் கருவி 'பழகி' மென்மையாயிற்று என்பர் சிலர். பெரும்பாலும் பழகியது கருவியன்று, கேட்பவரின் மனமே.

இறுதியாக, உங்கள் வயதையும் எண்ணிப் பாருங்கள். இளஞ்செவி 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்க வல்லது. ஐம்பதைக் கடந்த நம்மைப் போன்றோருக்கு அதன் மேற்பகுதி பெரும்பாலும் அடைபட்ட வாயிலே. கேளாத ஒலியைப் பற்றித் தீர்ப்புக் கூறாதிருப்பதே நேர்மை.

விலைக்குக் கிடைக்காத கருவி

நன்கு பொருந்திய இயர்போனின் பெரும் பயன், வெளியிரைச்சலைத் தடுத்து, குறைந்த ஒலியிலேயே நிறைவாகக் கேட்கச் செய்வதாகும். அதையே காதுக்குள் முழக்கமாக்கிக் கொள்வோர், பெற்ற பயனைத் தாமே அழிக்கின்றனர். பெரியவர்கள் வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் வரையில் கேட்கலாம் என்றும், சிறுவர்களுக்கு அவ்வளவு 75 டெசிபெல் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. மூன்று டெசிபெல் கூடுந்தோறும் காலம் பாதியாகக் குறையும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி மட்டுமே. உட்செவியின் நத்தைச்சுருளில் உள்ள நுண்மயிர் உயிரணுக்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

அம்மாலைப்பொழுதுக்கு மீள்வோம். நாம் நாணி அமர்ந்திருக்க, மகன் இரண்டு இயர்போன்களையும் தந்தையின் காதில் மாறிமாறி வைத்தான். முப்பது ஆண்டுகள் பஞ்சாலையில் தறிகளின் நடுவே உழைத்தவர் அவர். "எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது, தம்பி. பாட்டு கேட்கிறது, வார்த்தைதான் புரியவில்லை" என்றார். அவர் துணைவியார், "வீட்டில் பேசினாலும் அப்படித்தான் சொல்கிறார்" என்றார். மகன் பேசவில்லை. உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன் இரைச்சலால் தேய்ந்தோருக்கு முதலில் மறைவன மெய்யெழுத்துகளே என்பதை அவன் அறிந்திருந்தான்.

அடுத்த வாரமே தந்தையைக் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். 40,000 ரூபாய் இயர்போன் நண்பனிடம் திரும்பிச் சென்றது. அதற்கென ஒதுக்கிய பணத்தோடு மேலும் சிறிது சேர்த்து, தந்தைக்குச் செவித்துணைக் கருவி வாங்கப்பட்டது. அதற்குள்ளும் காந்தங்களின் நடுவே அந்தச் சிறு உலோக நாக்கே அசைந்துகொண்டிருக்கிறது.

அண்மையில் அவ்வில்லத்திற்கு மீண்டும் சென்றோம். தந்தை வாயிலில் நின்று, நாம் மெல்லச் சொன்ன வணக்கத்திற்கு உடனே மறுமொழி கூறினார். கருவி எப்படி இருக்கிறது என வினவினோம். "தட்டு வைக்கிற சத்தம்தான் கொஞ்சம் அதிகம், சாமி. ஆனால் பேரப்பிள்ளை பேசுவது முழுதும் புரிகிறது" என்றார்.