நாற்காலிக்குத் தனி, ஆளுக்குத் தனி

காரவள்ளியில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பெரும்பாலும் கொல்லிமலை ஏறுவார்கள். அந்த டீ நேரம் போதும் இதைச் சொல்ல. பேட்டரி சக்கர நாற்காலியில் இருப்பவரை இறக்காமல், அப்படியே வேனில் ஏற்றி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடக்கலாமா? கடக்கலாம். ஆனால் ‘பிரேக் போட்டாச்சு, பக்கத்துல அண்ணன் பிடிச்சுக்குவான்’ என்று கிளம்பக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்காலி 60 கிலோ, ஆள் 60 கிலோ. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், பக்கவாட்டில் ஏறக்குறைய 25 கிலோ இழுக்கும். இந்த வளைவில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம். இதையாவது அண்ணன் சமாளிப்பார். வண்டி மோதினால்? ஐஎஸ்ஓ 7176-19 என்ற தரத்தின்படி நாற்காலியை 48 கிலோமீட்டர் வேக மோதலில் சோதிக்கிறார்கள். எடை அப்போது 20 மடங்காகும். நம் 120 கிலோ, 2,400 கிலோவாக முன்னால் பாயும்.

உட்கார வலுவுள்ளவரை வண்டியின் சீட்டுக்கே மாற்றிவிடுவதுதான் நல்லது. நாற்காலியைத் தனியாகக் கட்டிவிடலாம். தசைச் சிதைவு நோயுள்ளவர்கள், கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் பலருக்கு அது முடியாது. அவர்களுக்குத்தான் இவ்வளவும்.

நாற்காலி முன்பக்கம் பார்த்தே நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஒருபோதும் வேண்டாம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பெல்ட். வெல்டு செய்த சட்டத்தில் மாட்டுங்கள். கைப்பிடி, கால்பலகை, சக்கரம் இவற்றில் மாட்டினால் கழன்று வந்துவிடும். நைலான் கயிறு நீண்டு கொடுக்கும், உதவாது. கீழே கொக்கி பலகையில் இருந்தால் பலகையோடு பிய்ந்துவிடும். அது வண்டியின் சேஸிஸைப் பிடித்திருக்க வேண்டும். லாரி பாடி கட்டுவதில் பேர்போன நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுக்கொண்டு, சோதனை செய்யப்பட்ட பெல்ட்டை வாங்கி, அங்கே பொருத்திக்கொள்ளலாம்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சாய்தளத்தில் தள்ளி ஏற்ற, மோட்டார் பக்கத்திலுள்ள சின்ன லீவரைத் திருப்பி நியூட்ரலில் போடுவார்கள். அப்போது மின்காந்த பிரேக்கும் விட்டுப்போகும். ஏற்றியதும் லீவரைப் பழையபடி திருப்பி, நாற்காலியை ஆட்டிப் பாருங்கள், நகரக் கூடாது. பிறகு சுவிட்சை அணைத்துவிடுங்கள். சட்டைக் கை பட்டாலே ஜாய்ஸ்டிக் நகரும்.

இனி ஆள். நாற்காலியோடு வரும் இடுப்புப் பட்டை நேராக உட்கார வைப்பதற்கு மட்டும்தான், மோதலைத் தாங்காது. வண்டியில் பொருத்திய பெல்ட் தனியாக வேண்டும். அது வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, கைப்பிடிக்கு உள்ளே உடம்பை ஒட்டி வர வேண்டும். தோள்பட்டை பெல்ட் கழுத்தில் உரசக் கூடாது. முதுகைச் சாய்த்துப் படுக்க வைத்தால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கும். ஏற்றத்தில் தலை பின்னால் போகும், தலைதாங்கி கட்டாயம்.

கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு பேட்டரி நாற்காலி தருகிறது, நல்ல காரியம். அதோடு இந்த நான்கு பெல்ட்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பேன். வீட்டு வாசலோடு நிற்கவா அந்த நாற்காலி?

முதல் சில வளைவுகள் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி பெல்ட்டை இறுக்குங்கள். இறங்கும்போது உடம்பு வெகுநேரம் முன்னால் சரிந்தே இருக்கும். தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு இடுப்பில் பெல்ட் அழுத்துவது தெரியாது. கேட்டால் ‘ஒண்ணுமில்லப்பா’ என்பார். அவரிடம் சொல்லிவிட்டு, பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டு, மடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.