நூற்றில் ஏழு போனால்

வெள்ளைக் கோட்டின் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. சைக்காலஜியில் எம்.எஸ்சி. முடித்த கையோடு மனநல வார்டுக்குப் பயிற்சிக்கு வந்த ஆறு பேர் நாங்கள். உள்ளே போய் ஒருவரிடம் பேச வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யார் முதலில் போவது என்று வராந்தாவில் நடந்த தள்ளுமுள்ளு இருக்கிறதே, ரேஷன் கடை வரிசை தோற்றது!

வீட்டில் விஷயத்தைச் சொன்னதுமே "கீழ்ப்பாக்கமா?" என்று அத்தை சிரித்தாள். 1871-ல் அங்கே குடிபோன மனநல ஆஸ்பத்திரியால் சென்னையில் ஒரு பேட்டையின் பெயரே கேலிப்பேச்சாகிவிட்டது. எங்களுடையது வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. என்னிடம் பேசிய நோயாளி யார் என்று தெரியாதபடி இங்கே அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நோயாளியின் ரகசியம் காப்பதை 2017 மனநலச் சட்டம் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது.

இப்போது எங்கள் ரகசியம் ஒன்று. கவனம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வோம். கேட்கிறவருக்கு விடை தெரிய வேண்டாமா? உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனேன்: 93, 86, 79, 72, 65. கதவைத் திறப்பதற்குள் வேர்வையில் 79 காணாமல் போயிற்று.

எதிரே உட்கார்ந்தவர் மளிகைக் கடைக் கல்லாவில் காலம் தள்ளியவர். மடமடவென்று இறங்கி 2-ல் நின்றார். "இன்னும் கீழ போகணுமாம்மா?" ஐந்து விடை போதும் என்று சொல்ல எனக்கு வாயே வரவில்லை.

அடுத்ததுதான் பெரிய கேள்வி. படித்ததெல்லாம் இங்கிலீஷில் இல்லையா, தமிழில் கேட்க நாக்கு புரளவில்லை. "உங்களுக்குக் குரல்கள் கேட்கிறதா?"

"கேக்குதே. நீங்கதானே பேசறீங்க."

பின்னால் நின்ற சீனியர் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, பக்கத்துல யாருமே இல்லாதப்போ ஆள் பேசற மாதிரி காதுல விழுமா?"

அவர் லுங்கி ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். "ராத்திரியில விழும். ரெண்டு பேரு. என்னைப் பத்தியே பேசிக்குவாங்க. நான் எழுந்தா 'பாரு, எழுந்துட்டான்'ம்பாங்க."

எனக்குள்ளே பட்டாசு வெடித்தது! மனச்சிதைவு நோய்க்கு மனநல மருத்துவர் கர்ட் ஷ்னைடர் பட்டியல் போட்ட முதல்நிலை அறிகுறி, பரீட்சைக்கு உருப்போட்ட அதே வரி, கண்ணெதிரே! விறுவிறுவென்று எழுதித் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். தூங்கிப் பல நாளான கண்கள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தன. சே, இப்படியா சந்தோஷப்படுவது என்று காது சூடாயிற்று. அக்கா மட்டும், "அப்போ தூக்கம்?" என்று கேட்டார். என் தாளில் அந்தக் கேள்வி மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

கடைசியில் பழமொழி. சொல்லுக்குப் பின்னால் உள்ள பொருளைப் பிடிக்கிறாரா என்று பார்க்கத்தான் இது. "ஆழம் தெரியாமல் காலை விடாதே. இதுக்கு என்ன அர்த்தம்?" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்குத்தான் முதல் நாளாம்மா?"

வராந்தாவில் ஐந்து பேரும் 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு' என்று மொய்த்துக்கொண்டார்கள். பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"குளிச்சிருக்காரா, தலை வாரியிருக்காரான்னு ஒரு இடம் இருக்குமே, அதை எழுதிட்டீங்களா? இன்னைக்கு எண்ணெய் வச்சிருக்கேன்."

எழுதவில்லை. திரும்பிப் போனேன்.