பூவுக்கும் ஷிப்ட் உண்டு, சார்!

"எந்தப் பூவுக்குடா வாசம் ஜாஸ்தி?"

இந்தக் கேள்வியை ஒரு பி.காம். பட்டதாரியிடம் கேட்கலாமா? கேட்டால் என்ன செய்வான்? வரவு, செலவு, தேய்மானம் என்று மூன்று கட்டம் போட்டுக் கணக்கெழுத உட்கார்ந்துவிடுவான். நானும் உட்கார்ந்தேன்.

கேட்டவன் என் பால்ய நண்பன். தஞ்சாவூரில் ஓர் ஆபீஸில் குப்பை கொட்டுகிறான். வீடு திருமானூரில். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே எட்டடிக்குப் பத்தடி மண் தரை. அந்த மண்ணில் ஒரு நர்சரியிலிருந்து ஆறு ரோஜாச் செடி கொண்டுவந்து நட்டான். பூத்தன. பட்டுப்புடவைக் கடை விளம்பரம் மாதிரி அத்தனை கலர். குனிந்து முகர்ந்தால்? சலவை செய்த காகிதத்தை முகர்ந்த மாதிரி இருக்கிறது.

அவன் சம்சாரம் என்னிடம் முறையிட்டது: "அண்ணே, தண்ணி ஊத்தறது நான். பூக்கறது அது. மணக்கிறது யாரு? பேசாம சிமெண்ட் போட்டு மூடிடச் சொல்லுங்க. இவரு வண்டியாவது வெயில் படாம நிக்கும்."

அரியலூர் மாவட்டத்தில் சிமெண்ட்டுக்கா பஞ்சம்? ஒரு போன் அடித்தால் மறுநாள் மூட்டை வந்து இறங்கிவிடும். ஆக, அந்த எண்பது சதுர அடி மண்ணின் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. கேஸ் சீரியஸ்!

இதில் இன்னொரு சங்கதி உண்டு. 2021-இல் கொரோனா இரண்டாவது அலையில் இவனுக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது; போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூன்று மாசம் ரசமும் வெந்நீரும் அவனுக்கு ஒன்றுதான். "பாப்பா தலையில எண்ணெய் வாசம்கூட வரலைடா" என்று ஒருநாள் போனில் சொன்னான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது?

அப்போது டாக்டர்கள் சொன்ன வைத்தியம் ஒன்று உண்டு. மூக்குக்கு டியூஷன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நாலு வாசனைகளைக் காலையும் மாலையும் முகர்ந்து பழக வேண்டும். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் எழுதிவைத்த முறை. பன்னிரண்டு வாரப் படிப்பு. இவன் வீட்டில் யூகலிப்டஸ் தைலம் இருந்தது, கிராம்பு இருந்தது, எலுமிச்சை இருந்தது. ரோஜாவுக்கு வாசலுக்கு ஓடினால்... அதைத்தான் முன்னாடியே சொன்னேனே, சலவைக் காகிதம்!

கடைசியில் அவன் அம்மா தொட்டியில் வைத்திருந்த மருவைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கிக் கொடுத்தார்கள். தினம் இரண்டு வேளை. மூக்கு மெள்ளத் திரும்பியது. மருவினால் திரும்பியதா, நாளானதால் திரும்பியதா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். திரும்பியது, அவ்வளவுதான். அன்றிலிருந்து பயல் வாசனைப் பைத்தியம்.

முதலில் ரோஜா வழக்கை முடித்துவிடுவோம். ரோஜா தானாகக் கெட்டுப்போகவில்லை, நாம்தான் கெடுத்தோம். ஜாடியில் ஒரு வாரம் வாடாமல் நிற்க வேண்டும், காம்பு நீளமாக இருக்க வேண்டும், விமானத்தில் போனாலும் இதழ் கசங்கக் கூடாது என்று பொறுக்கிப் பொறுக்கி ஒட்டுச் சேர்த்தார்கள். வாசம் யாருடைய பட்டியலிலும் இல்லை, நழுவிவிட்டது. 2015-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இதைத் துருவிப் பார்த்து 'சயின்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். ரோஜாவின் மணத்துக்குக் காரணமான சரக்குகளில் முக்கியமான ஒன்றைத் தயாரிக்க இதழுக்குள் ஒரு நொதி இருக்கிறதாம். வாசமில்லாத ரோஜாவில் அந்த நொதி கிட்டத்தட்ட ஸ்டிரைக்கில் இருக்கிறது. எருவைக் கொட்டினாலும் டூட்டிக்கு வராது. வாசம் வேண்டுமென்றால் நம் பழைய பன்னீர் ரோஜா. பூ சின்னது, கலர் ஒரே கலர், மத்தியானத்துக்குள் இதழ் உதிர்ந்துவிடும். ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் 'குட்மார்னிங்' சொல்வது அதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். நண்பனின் தினசரி டைம்டேபிளைக் கேட்டு எழுதிக்கொண்டேன். காலை ஏழேகாலுக்கு பஸ். கொள்ளிடம், காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஆறு ஆறுகளைத் தாண்டித் தஞ்சாவூர். திரும்பும்போது மறுபடி அதே ஆறு ஆறுகள். வீட்டு வாசலில் கால் வைக்கும்போது இரவு எட்டு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூக்கம்.

அப்புறம் என்ன? பகல் பதினொரு மணிக்குக் கமகமவென்று மணக்கிற பூவை வாசலில் வைத்து இந்த ஆசாமிக்கு என்ன பிரயோஜனம்? அது வேறு யாருக்கோ சம்பளம் கொடுக்கிற கதை. 'எந்தப் பூவுக்கு வாசம் ஜாஸ்தி' என்பது கேள்வியே இல்லை. 'நான் வீட்டில் இருக்கும்போது எந்தப் பூ டூட்டியில் இருக்கிறது' என்பதுதான் கேள்வி.

பூக்களில் நைட் ஷிப்ட் ஒன்று உண்டு. ராத்திரியில் பறக்கும் அந்துப்பூச்சிகளைக் கூப்பிட வேண்டியிருப்பதால், இருட்டில் சிவப்பும் நீலமும் செல்லாது. அதனால்தான் ராத்திரிப் பூக்களில் பெரும்பாலும் வெள்ளை யூனிஃபாரம். பார்வையில் விட்டதை வாசத்தில் பிடிக்கின்றன. விடிந்து வெயில் ஏறினால் கதை முடிந்தது.

நம் குண்டுமல்லி இந்த ஷிப்டில் சீனியர். விடியுமுன் மொட்டாகப் பறிப்பார்கள். பகலெல்லாம் மூட்டையிலும் பஸ்ஸிலும் இருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் தன் பாட்டில் மலரும். செடியில் இருந்தாலும் சரி, பூக்காரம்மாவின் கூடையில் இருந்தாலும் சரி, அதன் கடிகாரம் தப்பாது. தஞ்சாவூர் பூக்காரத் தெருவில் காலையில் வாங்கிய மொட்டு, சாயங்காலம் பஸ்ஸில் ஊரையே தூக்குவது இதனால்தான். அந்த வாசத்தில் இண்டோல் என்று ஒரு வேதிப்பொருள் கலந்திருக்கிறது. துளியாக இருந்தால் சுகந்தம். அதையே தனியாக, கூடுதலாக முகர்ந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவீர்கள். சில மேலதிகாரிகள் ஞாபகத்துக்கு வருகிறார்கள், விடுங்கள்.

மல்லியைவிட எனக்கு ஒரு படி மேலே முல்லைதான். காரணம் இலக்கியம். தொல்காப்பியம் முல்லைத் திணைக்குக் கொடுத்த பெரும்பொழுது கார்காலம், சிறுபொழுது மாலை. அதன் விஷயம் என்ன? வேலையாகப் போன கணவன் எப்போது வருவான் என்று வீட்டில் ஒருத்தி காத்திருப்பது. எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! அன்றைக்குப் போர், இன்றைக்கு ஆடிட்டிங். அன்றைக்குத் தேர், இன்றைக்கு டவுன் பஸ். பூ மலரும் நேரமும் அவன் வீடு திரும்பும் நேரமும் மட்டும் மாறவேயில்லை. பாரி தேரை நிறுத்திவிட்டுப் போன கொடியும் இதுதான். நீங்கள் தேரெல்லாம் தர வேண்டாம், கேட்டுப் பக்கத்தில் ஒரு மூங்கில் பந்தல் போதும்.

கல்யாணமாகாத வாசகர்களுக்கு ஓர் இடைச்செருகல். திருமானூருக்குப் பக்கத்திலேயே திருமழபாடி. பங்குனியில் அங்கே நந்தி கல்யாணம். 'நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம்' என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பங்குனியில் குண்டுமல்லி சீசனும் களைகட்டிவிடும். ஒரே டிரிப்பில் இரண்டு வேலை.

சம்பங்கி கொஞ்சம் சாவகாசமான பேர்வழி. மெக்ஸிகோவிலிருந்து வந்து குடியுரிமை வாங்கிவிட்டது. கிழங்கு நட்டால் மூன்று மாதத்தில் தண்டு விடும், கீழிருந்து மேலே வரிசையாக மலரும். அடுக்குச் சம்பங்கி பார்க்க அழகு, வாசத்துக்கு ஒற்றைதான். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் கொண்டுவந்த 'பிரஜ்வல்' ஒற்றை ரகம்.

பவழமல்லிக்கு நைட் ஷிப்டே முழுசாகத் தெரியும். ராத்திரி மலர்ந்து, விடியுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டு உதிர்ந்துவிடும். தரையில் விழுந்ததை எடுத்துச் சாமிக்கு வைக்கலாம் என்று சலுகை பெற்ற பூ இது. காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறவர்களுக்கு மட்டும் சிபாரிசு செய்வேன். ஏழு மணிக்கு எழுபவர்களுக்கு மிஞ்சுவது பெருக்குகிற வேலை.

ராத்திரி ராணியைப் பற்றி ஜாக்கிரதை. அம்மையார் பகலில் பரம சாது. இரவு ஒன்பதுக்கு மேல் நாலு வீடு தள்ளிக் கேட்கும் லவுட் ஸ்பீக்கர். ஜன்னலோரம் வைத்தால் தலைவலி சிலருக்கு நிச்சயம். செடி முழுக்க விஷத்தன்மை வேறு. காயைக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்க்க வேண்டும். 'பாம்பு வருமே?' என்பீர்கள். வாசத்துக்காகப் பாம்பு வராது, சார். புதராக விட்டால் அடியில் எலியும் தவளையும் குடியேறும். அவற்றைத் தேடித்தான் வரும். கிளையை வெட்டி அடியைச் சுத்தமாக வைத்தால் அது ஏன் வரப்போகிறது?

எங்கே வைப்பது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. மூக்கு ஒரு மகா சோம்பேறி. ஒரே வாசத்தில் பத்து நிமிஷம் இருந்தால் 'இது தெரிந்த கேஸ்' என்று ஃபைலை மூடிவிடும். படுக்கையறை ஜன்னலடியில் மல்லியை வைத்துவிட்டு, 'வாசமே வரலியே' என்பவர்கள் இந்த வகை. கேட்டருகே, நடைபாதை ஓரம், கிணற்றடிக்குப் போகும் வழி என்று தாண்டிப்போகிற இடமாக வையுங்கள். தினமும் புதுசாக மணக்கும்.

இதுவரை கணக்கு நன்றாகத்தான் போயிற்று. பேப்பரை நீட்டினேன். மல்லி, முல்லை, சம்பங்கி, எல்லாம் இரவு எட்டுக்கு மேல். நண்பனுக்குப் பரம திருப்தி. வாங்கிப் பார்த்த அவன் சம்சாரம் கேட்டது:

"அண்ணே, இந்த வீட்ல பகல் முழுக்க இருக்கிறது யாரு?"

நண்பன் கூரையைப் பார்த்தான்.

நியாயமான கேள்வி. தண்ணீர் ஊற்றுகிறவருக்கு லாபத்தில் பங்கில்லாத கம்பெனி எத்தனை நாள் ஓடும்? உடனே பகல் ஷிப்டுக்கும் ஆள் எடுத்தோம். சமையலறை ஜன்னலுக்கு வெளியே மனோரஞ்சிதம். பூ பச்சையாக இருக்கும்போது இலையா பூவா என்றே தெரியாது. மஞ்சளானதும் பழக்கடையே திறந்த மாதிரி இருக்கும். எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்தப் பழ வாசம் என்பார்கள். எனக்கு எப்போதும் பலாதான். வாழைப்பழம் என்று சொல்பவர்களும் உண்டு. அப்படியே விட்டால் கொடியாக ஏறும், கத்தரித்தால் புதராக நிற்கும்.

செண்பகம் வேண்டும் என்று நண்பனின் அம்மா ஆசைப்பட்டார்கள். விதைக் கன்று என்றால் பூப்பதற்குள் பேத்திக்கே கல்யாணம் ஆகிவிடும். ஒட்டுக் கன்று இரண்டு மூன்று வருஷத்தில் பூக்கும். ஆனால் மரம், எட்டடிக்குப் பத்தடியில் அது மட்டும்தான் இருக்கும். மகிழ மரமும் அப்படித்தான். எனக்கு மகிழம்பூமேல் தொழில்முறை மரியாதை உண்டு. காய்ந்து சருகான பிறகும் மணக்கும். தேய்மானமே இல்லாத சொத்து! திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாரிடம் 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்ததும் மகிழடியில்தான். அந்தச் சத்தியம் என்ன ஆயிற்று என்பதைப் பெரியபுராணத்தில் படித்துக்கொள்ளுங்கள். குடும்பஸ்தர்கள் இரண்டு முறை படிக்கலாம்.

மருவுக்கு மட்டும் ஷிப்ட் கிடையாது. இலைதானே? எப்போது தொட்டாலும் வேலை செய்யும். ஒரு தொட்டி போதும். தஞ்சாவூர்க் கதம்பம் கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் பரம்பரையாகத் தெரியும். காலையில் மணப்பது, மாலையில் மணப்பது, கை பட்டால் மணப்பது என்று மரிக்கொழுந்தையும் பூவையும் கலந்து ஒரே சரத்தில் கட்டிவிடுகிறார்கள். அந்தக் கதம்பத்தைத்தான் மண்ணில் நடச் சொல்கிறேன்.

திருமானூரில் மண்ணுக்குக் குறையில்லை, கொள்ளிடத்து வண்டல். வடக்கே அரியலூர் பக்கம் போகப் போக நிலைமை வேறு. ஒரு காலத்தில் கடல் இருந்த பூமி, சுண்ணாம்பு ஜாஸ்தி. அங்கே மல்லி வைத்தால் தளிர் இலை மஞ்சளாக வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச் சத்துப் பற்றாக்குறை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து கிராம் அன்னபேதி கரைத்து இலையில் தெளித்தால் தெளிந்துவிடும்.

குண்டுமல்லியைக் கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு ஒட்ட வெட்டுங்கள். முல்லைக்கு ஜனவரி கடைசி. நெஞ்சு பதறும், பதறட்டும். வெட்டாத மல்லி இலையாகத்தான் தழைக்கும். பூவெல்லாம் வரும் புதுக் கிளையில்தான். தை மாதம் மார்க்கெட்டில் மல்லி கிலோ இரண்டாயிரம், மூவாயிரம் என்று பேப்பரில் படித்துவிட்டு 'நம்ம செடியில ஒண்ணுகூட இல்லையே' என்று ஏங்க வேண்டாம். அந்தச் சமயத்தில் பூக்காததால்தான் அந்த விலை.

வெயில்? மல்லிக்கு முழு வெயில் வேண்டும். மொட்டை மாடித் தொட்டியிலும் வரும். வாடகை வீட்டுக்காரர்கள் வீடு மாற்றும்போது கையோடு தூக்கிக்கொண்டு போகலாம். அட்வான்ஸ் திரும்பி வராவிட்டாலும் மல்லி வரும்.

கடைசியாக ஒரு சிக்கல் பாக்கி. நர்சரிக்கு நாம் போவது பகலில். நைட் ஷிப்ட்காரர்கள் அப்போது தூங்குகிறார்கள். எந்த மல்லியை முகர்ந்தாலும் பச்சிலை வாசம்தான். இருட்டிய பிறகு போகலாமென்றால் கடை சாத்தியிருக்கும். அதற்கும் வழி இருக்கிறது. வெள்ளையாக முற்றிய மொட்டு இரண்டை நர்சரிக்காரரிடம் கேட்டு வாங்கி, ஈரக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். ராத்திரி எட்டு மணிக்குப் பிரித்துப் பாருங்கள். மணந்தால் மறுநாள் போய் அந்தச் செடியைத் தூக்கி வாருங்கள். சட்டைப் பையில் பூ எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.