ஹாரோ ரோட்டிலிருந்து வந்த மேக்னம்

தொலைவில் நிற்கும் பெரிய விலங்கை ஒரே குண்டில் வீழ்த்துவதற்காக, வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து கொள்ளும் தோட்டாவோடு செய்யப்படுவது மேக்னம் ரைபிள். இன்று அதை அமெரிக்கச் சரக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உலகம் முழுவதும் பின்பற்றப்பட்ட அதன் வடிவம் லண்டனில் உருவானது. 1835-இல் தொடங்கிய ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-இல் வெளியிட்ட .375 மேக்னம் தோட்டாவே அதன் மூலவர். அந்த நிறுவனத்தின் தொழிற்சாலை இருப்பது கென்சல் கிரீன் பக்கம், ஹாரோ ரோட்டில். துப்பாக்கிப் பயிற்சித் திடல் இருப்பது நார்த்வுட்டில். தமிழர்கள் நிறைய வாழும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து அது சில மைல் தூரம்தான்.

இந்தத் துப்பாக்கிகள் லண்டனில் செய்யப்பட்டாலும், வாங்கியவர்களில் பெரும்பாலோர் சுட்டது இந்தியக் காடுகளிலும் ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும். ராஜாக்களும் ஜமீன்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும்தான் வாடிக்கையாளர்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் .450 அளவுத் தோட்டாக்களை இறக்குமதி செய்ய அரசு தடை விதித்தது. பழைய ராணுவ ரைபிள்களும் அதே அளவில் இருந்ததால், குண்டுகள் கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயம் காரணம். சந்தை கைவிட்டுப் போகாதிருக்க லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .465, .470, .475 என்று கொஞ்சம் கொஞ்சம் விலகிய அளவுகளில் புதிய தோட்டாக்களைக் கொண்டுவந்தார்கள். விலங்கு மாறவில்லை, சட்டம் மாறியது. அதற்காகவே ஒரு தோட்டா வரிசை பிறந்தது.

.375-இன் உருவத்திலும் வெப்ப நாடுகளின் முத்திரை உண்டு. அன்றைய வெடிமருந்தான கார்டைட், தூளாக இல்லாமல் நீண்ட இழைகளாக அடைக்கப்பட்டது. வெயிலில் சூடேறினால் அது தரும் அழுத்தம் கூடும். அப்போது தோட்டாவின் உறை குழலின் அறையில் இறுகி, வெளியே வர மறுக்கலாம். காயம்பட்ட விலங்கு திரும்பிப் பாயும் நேரத்தில் உறை சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே உறையை நுனி நோக்கி நன்றாகச் சரிவாக வடித்து, எளிதில் கழன்று வரச் செய்தார்கள். சரிவான உறை அறைக்குள் சரியான ஆழத்தில் நிற்க அடிப்பகுதியைச் சுற்றி ஒரு பட்டை வைத்தார்கள். பின்னால் வந்த பல அமெரிக்க மேக்னம்களுக்குத் தேவை இல்லாமலே இந்தப் பட்டை ஒட்டிக்கொண்டது.

1925-இல் அதே நிறுவனம் .300 மேக்னத்தை வெளியிட்டது. 1935-இல் அமெரிக்காவின் கேம்ப் பெரியில் 1,000 கெஜப் போட்டியில் இது வென்ற பிறகு தொலைதூரச் சுடுநர்களின் கண் அதன்மேல் விழுந்தது. 1944-இல் .300 வெதர்பி, 1962-இல் 7 மி.மீ. ரெமிங்டன், 1963-இல் .300 வின்செஸ்டர் எனப் பட்டை வைத்த வாரிசுகள் வந்தன. இன்று பிரிட்டிஷ் ராணுவத்தின் நெடுந்தூர ரைபிள் சுடும் .338 லாபுவா மேக்னம் வேறு கிளை. அதன் உறையின் முன்னோடி, லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் 1911-இல் கொண்டுவந்த .416.

மேக்னத்தால் கிடைப்பது வேகம். குண்டின் ஆற்றல் அதன் எடையோடு நேர்விகிதத்தில் கூடும். வேகத்தோடோ இருபடியாகக் கூடும். 180 கிரெய்ன் குண்டை, அதாவது ஏறத்தாழ 11.7 கிராமை, .300 வின்செஸ்டர் மேக்னம் விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. அதே எடைக் குண்டுக்குச் சாதாரண .308 தருவது ஏறத்தாழ 800 மீட்டர். குண்டு சீக்கிரம் போய்ச் சேர்வதால் வழியில் குறைவாகவே தாழும்.

எவ்வளவு குறைவு என்பதில்தான் விளம்பரங்கள் ஏமாற்றுகின்றன. 200 கெஜத்தில் சரியாகப் படும்படி குறி பொருத்திய .300 வின்செஸ்டர் மேக்னம், 300 கெஜத்தில் ஏறத்தாழ 7 அங்குலமும், 400-இல் 20 அங்குலமும், 500-இல் 40 அங்குலமும் கீழே விழும். .308 அதே 500 கெஜத்தில் 50 அங்குலத்துக்கு மேல் தாழும். வித்தியாசம் உண்டு. ஆனால் இரண்டிலுமே தூரத்தைச் சரியாக அளக்காதவர் குறி தப்பத்தான் போகிறார். கண்மதிப்பில் தூரம் சொன்ன காலத்தில் மேக்னத்தின் தட்டையான பாதை பெரிய காப்பீடாக இருந்தது. லேசர் தூரமானி வேட்டைக்காரர் சட்டைப்பைக்கு வந்த பிறகு அந்தக் காப்பீட்டின் மதிப்பு பாதியாகிவிட்டது என்றே சொல்லலாம்.

அந்தத் தூரமானியால் அளக்க முடியாதது காற்று. குறுக்கே மணிக்கு 10 மைல் வேகத்தில் அடிக்கும் காற்று 400 கெஜத்தில் .300 மேக்னம் குண்டையும் ஓர் அடி அளவுக்குத் தள்ளிவிடும். பள்ளத்தாக்கின் இந்தக் கரையில் ஒரு திசையிலும் அந்தக் கரையில் வேறு திசையிலும் காற்று வீசலாம். புல் சாய்வதையும் கானல் ஓடுவதையும் பார்த்துக் கணிப்பது வருடங்கள் பிடிக்கும் பழக்கம். விலங்கும் சும்மா நிற்பதில்லை. 500 கெஜம் பறக்கக் குண்டுக்கு அரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால், நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும்.

வேகத்துக்கான விலையைத் தோள் கொடுக்கிறது. 8 பவுண்டு எடையுள்ள .308 ரைபிளின் பின்னுதை ஏறத்தாழ 18 அடி-பவுண்டு. .300 மேக்னத்தில் அது 25-ஐத் தாண்டும். 9 பவுண்டு எடையுள்ள .375-இல் 35-க்கும் மேல். வலி ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையான கேடு அதை எதிர்பார்க்கும் மனத்தால் வருகிறது. விசையை அழுத்தும் நொடியில் கண் மூடுகிறது, தோள் முன்னே துள்ளுகிறது, குழல் கீழே சாய்கிறது. சுடுபவருக்கே இது தெரிவதில்லை. உடன் இருப்பவர், தோட்டா அறையில் சில வேளை உண்மைத் தோட்டாவையும் சில வேளை வெற்று உறையையும் சொல்லாமல் இட்டுக் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதனால் மேக்னத்தில் தேர்ச்சி பெற நினைப்பவர் மேக்னத்திலேயே தொடங்கக் கூடாது. .22 ரிம்ஃபயரில் விசைப் பழக்கம், பிறகு .243 அல்லது .308, பிறகே மேக்னம் என்பது அனுபவசாலிகள் சொல்லும் வரிசை. பெரிய தோட்டாவில் ஒரே அமர்வில் பத்துப் பன்னிரண்டு குண்டுகளுக்கு மேல் சுட்டால் கெட்ட பழக்கமே மிஞ்சும். ஸ்கோப் கண்ணுக்கு மிக அருகில் இருந்தால் பின்னுதையில் புருவம் கிழியும். மேக்னக்காரர்களில் பலருக்கு அந்தப் பிறைத் தழும்பு உண்டு. குழல் முனையில் பொருத்தும் பிரேக் உதையைப் பெருமளவு குறைக்கும், ஆனால் காதைப் பிளக்கும். பிரிட்டனில் பெரும்பாலான மான் வேட்டைக்காரர்கள் ஒலியைக் குறைக்கும் மாடரேட்டரையே விரும்புகிறார்கள்.

மேக்னம் தேவையா என்ற கேள்விக்கு பிரிட்டிஷ் சட்டம் ஓரளவு விடை சொல்கிறது. 1991-ஆம் ஆண்டின் மான் சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் செம்மான் போன்ற பெரிய மான்களைச் சுட ரைபிள் குறைந்தது .240 அளவும் 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் கொண்டிருந்தால் போதும். .243 அதைத் தாண்டிவிடுகிறது, .308 தாராளமாகத் தாண்டுகிறது. மான் வேட்டைக்கான முதல்நிலைச் சான்றிதழின் சுடும் தேர்வில் மிக அதிகமான தூரமே 100 மீட்டர்தான். ஸ்காட்லாந்து மலைகளில்கூட, 200 கெஜத்துக்குள் தவழ்ந்து நெருங்குவதையே வழிகாட்டிகள் திறமை என்று மதிக்கிறார்கள். .375 பொருந்தும் இடம் ஆப்பிரிக்கா. அங்கே பல நாடுகளில் எருமை, யானை போன்றவற்றுக்கு அதுவே சட்டம் ஏற்கும் மிகச் சிறிய அளவு.

ரெய்னர்ஸ் லேனில் வசிப்பவர் இப்படியொரு ரைபிளை விரும்பினால் லண்டன் பெருநகரக் காவல்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி, விருப்பம் மட்டும் போதாது, ஒவ்வொரு ரைபிளுக்கும் தக்க காரணம் காட்ட வேண்டும். சுட அனுமதி உள்ள நிலம் எது, எந்த விலங்கு, ஏன் இந்த அளவு என்ற கேள்விகள் வரும். குடும்ப மருத்துவரின் தகவலும் இருவரின் பரிந்துரையும் தேவை. காவல்துறையினர் வீட்டுக்கு வந்து, சுவரில் பொருத்திய இரும்பு அலமாரியைப் பார்ப்பார்கள். சான்றிதழ் ஐந்து ஆண்டுகள் செல்லும். எந்த அளவு ரைபிள், எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். பயிற்சிக்கு, சர்ரேயில் உள்ள பிஸ்லியில் 1,200 கெஜம் வரை நீளும் திடல் உண்டு. 1890 முதல் தேசிய ரைபிள் சங்கத்தின் இருப்பிடம் அதுதான்.

இந்தியாவுக்குப் போகும்போது வேட்டையாடலாம் என்ற எண்ணத்துக்கு இடமே இல்லை. அங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்திவிட்டது. 1877-இல் வேட்டையை ஒழுங்குபடுத்தத் தொடங்கிய நீலகிரி வேட்டைச் சங்கமே பின்னாளில் பெயர் மாற்றிக்கொண்டு வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாகிவிட்டது.

ரைபிளைவிடக் குண்டைத் தேர்வதில்தான் அதிகக் கவனம் வேண்டும். மிக வேகமாகப் போகும் மென்மையான ஈயக் குண்டு, அருகில் நிற்கும் விலங்கின் மேற்பரப்பிலேயே சிதறி இறைச்சியைப் பாழாக்கும். தொலைவில் வேகம் குறைந்த பிறகு, கடினமான குண்டு விரியாமல் துளைத்துக்கொண்டு போய்விடும். 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு வேட்டைக்கான ஈயத் தோட்டாக்களைக் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்து, மாறிக்கொள்ளச் சில ஆண்டுகள் அவகாசமும் தந்தது. மாற்றாக வரும் செம்புக் குண்டுகள் அதே நீளத்தில் எடை குறைந்தவை, கடினமானவை. அவை சரியாக விரிய வேகம் தேவை. இத்தனை காலம் பிரிட்டிஷ் மானுக்கு மிகை என்று ஒதுக்கப்பட்ட மேக்னத்துக்கு இதனால் ஒரு புதிய நியாயம் கிடைக்கக்கூடும். ஆனால் செம்புக்கு மாறுபவர், பழைய ரைபிளேயானாலும், திடலுக்குப் போய்க் குறியை மறுபடி பொருத்தி, 200, 300, 400 கெஜங்களில் குண்டு எவ்வளவு தாழ்கிறது என்பதைப் புதிதாகச் சுட்டுப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். ஈயத்துக்காகப் போட்ட பழைய அட்டவணை இதற்குப் பொருந்தாது.