திருமண ஒளிப்பதிவு: தொழில்முறைக் கலைஞர் தேவையா?

திருமணம் நிச்சயமானதும் மண்டபத்தையும் சமையற்காரரையும் முதலில் உறுதி செய்கிறோம். புரோகிதர், மேளம், பூ அலங்காரம் ஆகியவை அடுத்து வருகின்றன. ஒளிப்பதிவு பெரும்பாலும் கடைசியில், கையிருப்பு கரைந்த பிறகே பேச்சுக்கு வருகிறது. அப்போது வீட்டில் இரண்டு குரல்கள் எழும். எல்லோர் கையிலும் கைபேசி இருக்கும்போது இதற்கு ஏன் செலவு என்பது ஒன்று. வாழ்வில் ஒரு முறை நடப்பதற்குக் கணக்குப் பார்க்கலாமா என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு.

கைபேசியின் படத்தில் இன்று பெரிய குறை சொல்வதற்கில்லை. குறை ஒலியில் இருக்கிறது. நாதசுரம் முழங்கும் மேடையில், பத்தடி தள்ளி நிற்பவரின் கைபேசியில் தாத்தா சொன்ன ஆசி பதியாது. எடுத்த காட்சிகளோ இருபது பேரிடம் சிதறிக் கிடக்கும். வாட்ஸ்அப்பில் அவை வந்து சேரும்போது தரம் குறைந்திருக்கும். ஐம்பது பேர் கூடும் கோயில் திருமணத்திற்கோ பதிவாளர் அலுவலகத் திருமணத்திற்கோ ஒரு முக்காலியும் ஒரு கைபேசியும் போதும் என்பதே நம் கருத்து. ஆனால் அந்தக் கைபேசியைப் பார்த்துக்கொள்ளும் அத்தை மகன் திருமணத்தைப் பார்க்க மாட்டான். அவனுக்கும் அது ஒரே முறைதான்.

பெரிய திருமணத்திற்குத் தொழில்முறை ஒளிப்பதிவாளர் வேண்டும் என்று முடிவு செய்தால், உப்பலில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கூடுதலாக ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கிரிக்கெட் அரங்கைச் சுற்றியும் வாரங்கல் நெடுஞ்சாலையை ஒட்டியும் உள்ள ஃபங்ஷன் ஹால்களில் பணியாற்றும் ஒளிப்பதிவாளர்களுக்குப் பழக்கமானது தெலுங்குத் திருமணம். அங்கே முகூர்த்த நொடி என்பது மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைக்கும் நொடி. இருவருக்கும் இடையே பிடித்த திரை அப்போது விலகும். தாலியும் தலம்பராலுவும் பின்னர் வரும். நமக்கோ தாலி கட்டும் நேரமே முகூர்த்தம். கெட்டிமேளம் ஒலித்ததும் உறவினர் அனைவரும் அட்சதையோடு மேடையைச் சூழ்ந்துகொள்வர். அந்த நெருக்கத்தை முன்னறியாதவரின் காமிராவில் முதுகுகளே பதியும்.

பிராமணக் குடும்பங்களில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் ஆகியவை முகூர்த்தத்திற்கு முன்பே, மேடைக்கு வெளியே நடந்துவிடுகின்றன. விளக்குகளை மேடையில் பொருத்திக்கொண்டிருப்பவர் அவற்றைத் தவறவிடுவது எளிது. பிற சமூகங்களில் அரசாணிக்கால் நடுவதும் அவ்வாறே. இவற்றுள் எதையும் மீண்டும் ஒருமுறை செய்துகாட்டச் சொல்ல முடியாது. எனவே சடங்குகளின் வரிசை, இடம், ஏறத்தாழ நேரம் ஆகியவற்றைத் தெலுங்கில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒரு நாள் முன்னதாக மண்டபத்திலேயே பேசிவிடுவது நல்லது. ஒரு தரப்பு தமிழும் மறு தரப்பு தெலுங்குமாக அமையும் திருமணத்தில் இது இன்னும் தேவை. தமிழ்த் திருமணம் ஒன்றையேனும் எடுத்தவர் கிடைத்தால், சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் அவரையே நாம் பரிந்துரைப்போம்.

அவருடைய திறமையை மூன்று நிமிடத் துண்டுப்படத்தைக் கொண்டு மதிப்பிட வேண்டாம். பின்னணிப் பாடலும் மெதுவோட்டமும் எல்லாக் குறைகளையும் மறைத்துவிடும். ஒரு முழுத் திருமணப் பதிவைக் கேட்டு வாங்கி, தாலி கட்டும் பகுதியை ஒலியோடு பாருங்கள். மணமகன் உடையில் தனி ஒலிவாங்கி பொருத்துவாரா என்றும் கேளுங்கள். ட்ரோன் வேண்டுமென்றால் பதிவும் இயக்குநர் சான்றிதழும் யாரிடம் உள்ளன என்பதை அறிந்துகொள்க. பேகம்பேட்டையிலும் ஹக்கிம்பேட்டையிலும் வானூர்தித் தளங்கள் உள்ள நகரம் இது. பறக்க அனுமதியுள்ள பகுதியா என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். ட்ரோன் இல்லாததால் எந்தத் திருமணமும் குறைந்துபோனதில்லை.

இனிப் பணம். பேசிய தொகை 1 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். ஜிஎஸ்டி பதிவு பெற்ற நிறுவனமாயின் 18 விழுக்காடு வரி சேர்ந்து அது 1,18,000 ரூபாய் ஆகலாம்; வரி உட்பட்ட தொகையா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இதற்கெனத் தனிநபர் கடன் வாங்குவதை, கடன் கொடுக்கும் வங்கியாக இருந்தும், நாம் ஊக்குவிப்பதில்லை. 12 விழுக்காடு வட்டியில் 1 லட்சம் ரூபாயை மூன்று ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தினால் வட்டி மட்டும் சுமார் 19,500 ரூபாய். ஓராண்டு அவகாசம் இருப்பின், மாதம் 8,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் செலுத்துங்கள். முதலே 96,000 ஆகிவிடும், வட்டி நம் பக்கம் வரும்.

முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். பதிவு செய்யும்போது ஒரு பகுதி, திருமண நாளன்று ஒரு பகுதி, முழுப் பதிவும் கைக்கு வந்த பின் எஞ்சிய பகுதி என்று பிரித்து, கணக்கு வழியாகவே செலுத்துங்கள். இறுதிப் பகுதி சிறியதாக இருந்தால் பதிவு வந்துசேர ஆண்டுக்கணக்கில் ஆவதும் உண்டு. வருபவர் யார், எத்தனை காமிராக்கள், எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பார் என்பவை எழுத்தில் இருக்கட்டும். பணம் பெற்று எடுத்துத் தரும் திருமணப் பதிவின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே என்கிறது 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். கையெழுத்திடும் படிவத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் வரி இருக்கிறதா, சமூக ஊடகங்களில் வெளியிட அனுமதி கேட்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

சொன்னபடி நடக்காவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் இடத்திற்குரிய மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். இழப்பீடு கிடைக்கலாம், எடுக்காமல் விட்ட காட்சி கிடைக்காது.

திருத்தாத மூலப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுக்கும் காமிரா மணிக்கு 45 ஜிபி சேர்க்கிறது. இரண்டு காமிராக்கள் ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. ஒரு டெராபைட் வன்தட்டுகள் இரண்டை நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம். ஒன்று மணமக்களிடம், மற்றொன்று பெற்றோர் வீட்டில். வந்த அன்றே இரண்டையும் திறந்து, முகூர்த்தப் பகுதி ஓடுகிறதா என்று பார்த்த பின்னரே கடைசித் தவணையை அனுப்புங்கள்.