குழந்தை ஓட்டும் பைக்குக்கு 1,000 வாட் மோட்டார்: வேகம் கூடும், பிரேக்?

“அப்பா, வண்டி போகவே மாட்டேங்குது!”

பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரிக் டர்ட் பைக், இரண்டே வருஷத்தில் இந்தப் புகாரைச் சந்தித்துவிடும். வண்டி மாறவில்லை. பிள்ளைதான் வளர்ந்துவிட்டது. 30 கிலோவில் ஏறி உட்கார்ந்த பிள்ளை இப்போது 45 கிலோ. சிமென்ட் தரையில் ஓகே. புல்லிலும் மேட்டிலும் ஏறினால் வண்டி திணறுகிறது.

அமெரிக்காவில் இந்தப் புகாருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், கராஜில் ஒரு சனிக்கிழமை வேலை. பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஆன்லைனில் வாங்கிய 800 அல்லது 1,000 வாட் மோட்டாரை மாட்டிவிடுவார்கள். நாலு போல்ட், ஒரு செயின், சில ஒயர். வீடியோவில் பார்த்தால் 10 நிமிஷ வேலைபோலத்தான் தெரியும். ஆனால், அந்த வண்டியில் மாற்ற வேண்டியவற்றில் மோட்டார்தான் ரொம்ப ஈஸியான விஷயம்.

வாட்டா, வோல்ட்டா?

இந்த வேலையில் அதிகம் அடிபடும் வண்டிகளில் ஒன்று, அமெரிக்காவின் ரேசர் நிறுவனத்தின் எம்எக்ஸ்350. 24 வோல்ட், 350 வாட் மோட்டார், மணிக்குச் சுமார் 22 கி.மீ. வேகம். 13 வயதுக்கு மேல்தான் ஓட்ட வேண்டும், 63 கிலோ வரைதான் தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது. உள்ளே இருப்பது இரண்டு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள். யுபிஎஸ்ஸில் இருக்குமே, அதே ரகம்.

பலரும் செய்யும் முதல் தப்பு, வாட் கூடினால் வேகம் கூடும் என்று நினைப்பது. இந்த மாதிரி டிசி மோட்டாரில் சுழலும் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வோல்ட்டேஜ். மோட்டாரின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் எவ்வளவு சுற்றும் என்பதை ஸ்ப்ராக்கெட் பற்களின் எண்ணிக்கை முடிவு செய்கிறது. வாட் என்பது, எவ்வளவு சுமையைச் சூடாகிப் போகாமல் இழுக்க முடியும் என்பதற்கான அளவு. அதனால்தான் 36 வோல்ட்டுக்கான 1,000 வாட் மோட்டாரை வாங்கி, பழைய 24 வோல்ட் பேட்டரியிலேயே கொடுத்துவிட்டு, “முன்னைவிட ஸ்லோவாப் போகுதே!” என்று தலையைச் சொறிகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு வோல்ட்டேஜ் கொடுத்தால், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வேகம்தான் வரும்.

சரி, 36 வோல்ட்டே கொடுத்துவிடலாம் என்றால், அடுத்த சிக்கல் கன்ட்ரோலர். 24 வோல்ட்டுக்குச் செய்த கன்ட்ரோலரின் உள்ளே இருக்கும் கபாசிட்டர்கள் அதற்கு மேல் தாங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மோட்டாரை மாற்றினால் கன்ட்ரோலரும் கூடவே மாற வேண்டும்.

கரன்ட் போடும் கணக்கு

350 வாட்டை 24 வோல்ட்டில் எடுத்தால் சுமார் 15 ஆம்பியர். 1,000 வாட்டை 36 வோல்ட்டில் எடுத்தால் சுமார் 28 ஆம்பியர். கரன்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. ஆனால் ஒயரில் உருவாகும் சூடு, கரன்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது அதே ஒயர், அதே கனெக்டரில் மூன்றரை மடங்குக்கும் மேல் சூடு. பிளாஸ்டிக் கனெக்டர் இளகி ஒட்டிக்கொள்வது இப்படித்தான்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது இதைவிட மோசம். ஊரில் ஃபியூஸ் கட்டையில் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டு “இனிமே போகாது” என்பார்களே, அதே வைத்தியம். ஃபியூஸ் போகாது, ஒயர் போகும்.

பேட்டரியும் ஏமாற்றும். 7 ஆம்பியர்-அவர் என்று அதன்மேல் எழுதியிருப்பது, 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. 28 ஆம்பியர் உறிஞ்சினால் வெறும் கணக்கின்படியே 15 நிமிஷம்தான். நிஜத்தில் லெட் ஆசிட் பேட்டரி அவ்வளவு வேகமாக இழுக்கும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிது. மோட்டார் எல்லா நேரமும் முழு 1,000 வாட்டை இழுக்காது என்பது உண்மை. ஆனால் மேடு ஏறும்போது இழுக்கும், மேடு ஏறத்தானே இத்தனை பாடும்!

11 கி.மீ. கூடினால் என்ன ஆகும்?

ஸ்ப்ராக்கெட்டை மாற்றாமல், அதே சுற்று வேகத்துக்கு ஏற்ற அமைப்பில் 24-லிருந்து 36 வோல்ட்டுக்குப் போனால், 22 கி.மீ. வேகம் 33-ஐத் தொடும். கேட்க சின்ன வித்தியாசம்தான். பெரியவர்கள் ஸ்கூட்டரில் இதைவிட வேகமாகக் காய்கறி வாங்கப் போகிறோம்.

ஆனால் வேகம் ஒன்றரை மடங்கு ஆனால், நிற்கும்போது பிரேக் உள்வாங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. எம்எக்ஸ்350-ல் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான். சஸ்பென்ஷனும் கிடையாது. பின் பிரேக் மட்டும் உள்ள சின்ன வண்டி நொடிக்கு நொடி 3 மீட்டர் என்ற அளவில் வேகம் குறைக்கும் என்று வைத்துக்கொள்வோம். பழைய வேகத்தில் பிரேக் பிடித்த பிறகு 6 மீட்டரைத் தாண்டியதும் நிற்கும். புதிய வேகத்தில் 14 மீட்டர். பிள்ளை ஆபத்தைப் பார்த்து கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி எடுத்தால், அந்த நொடியிலேயே இன்னும் 9 மீட்டர் ஓடியிருக்கும். மொத்தம் 23 மீட்டர். பல வீட்டு முற்றங்களின் நீளமே அவ்வளவு வராது.

அதே நிறுவனம் பெரிய பிள்ளைகளுக்காக விற்கும் எம்எக்ஸ்500, எம்எக்ஸ்650 வண்டிகளைப் பார்த்தாலே விஷயம் புரியும். மோட்டார் மட்டும் பெரிதாகவில்லை. முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், பெரிய சக்கரம் என்று முழு வண்டியும் கூடவே மாறுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் எம்எக்ஸ்650-ன் வேகம் சுமார் 27 கி.மீ.தான்.

யாரும் கவனிக்காத இரண்டு ஒயர்

இந்தக் கதையில் ரொம்ப முக்கியமானது பிரேக் லீவரிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்கள். பிரேக் பிடித்ததும் மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைத் துண்டிக்கச் சொல்லி கன்ட்ரோலருக்குத் தகவல் கொடுப்பது அவைதான். புது கன்ட்ரோலரின் கனெக்டர் பழையதோடு பொருந்தாதபோது பலர் இந்த இரண்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வண்டி ஓடுகிறது, பிரேக்கும் பிடிக்கிறது, அப்புறம் என்ன?

பயத்தில் பிள்ளை என்ன செய்யும் என்பதுதான் என்ன. எதிர்பாராமல் வண்டி முன்னால் பாயும்போது உடம்பு பின்னால் சாயும்; ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கும் கை, ஆக்ஸிலரேட்டரை இன்னும் திருகிவிடும். ஒரே நேரத்தில் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும். 350 வாட்டை அந்தச் சின்ன பிரேக் ஒருவேளை சமாளிக்கும். 1,000 வாட்டோடு மல்லுக்கட்ட அது செய்யப்படவில்லை.

லித்தியம் போட்டால் சரியாகிவிடுமா?

எடை குறையும், கரன்ட்டும் தாராளமாக வரும். ஆனால் விலை குறைந்த, சான்று இல்லாத பேக், பழைய லெட் ஆசிட் சார்ஜர், ராத்திரி முழுக்க சார்ஜ் என்ற கூட்டணி ஆபத்தானது. நியூயார்க் நகரில் 2023-ல் மட்டும் லித்தியம் அயான் பேட்டரிகளால் 268 தீ விபத்துகள் நடந்து, 18 பேர் இறந்ததாக நகரத் தீயணைப்புத் துறை கணக்கு சொல்கிறது. அவற்றில் பெரும்பங்கு இ-பைக், இ-ஸ்கூட்டர் போன்றவை. அதே ஆண்டு, பாதுகாப்புச் சான்று இல்லாத பேட்டரிகளை விற்கவும், பழைய செல்களைப் பிரித்து புது பேக் செய்யவும் அந்த நகரம் தடை போட்டது.

இங்கே ஓட்டினால்?

இந்தியாவில், மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழே இருந்தால்தான் பேட்டரி வண்டி ‘மோட்டார் வாகனம்’ என்ற கணக்கில் வராது. 350 வாட் வண்டியே இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. 1,000 வாட் பற்றிக் கேட்கவே வேண்டாம். தோட்டம், தனியார் டிராக் என்றால் வேறு. தெருவில் இறக்கினால், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 199ஏ பிரிவு இருக்கிறது. சிறார் செய்யும் குற்றத்துக்குப் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

மாற்றித்தான் ஆகணும் என்றால்…

முதலில் பழைய பேட்டரியைச் சோதிப்பது நல்லது. மாதக்கணக்கில் சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்த லெட் ஆசிட் பேட்டரி, மல்டிமீட்டரில் சரியான வோல்ட்டேஜ் காட்டும், சுமை வந்ததும் படுத்துவிடும். டயரில் காற்று குறைவு, எப்போதும் லேசாக உரசும் பிரேக் ஆகியவையும் அதே ‘போகவே மாட்டேங்குது’வைக் கொடுக்கும். மேடு ஏறுவதுதான் பிரச்சினை என்றால், பின்னால் பற்கள் அதிகமுள்ள ஸ்ப்ராக்கெட் போட்டால் போதும். வேகம் கொஞ்சம் குறையும், இழுவை கூடும். மோட்டாருக்கும் சிரமம் குறையும்.

அதற்கும் மேலே வேண்டுமென்றால் கன்ட்ரோலர், ஒயர், ஃபியூஸ், முன் பிரேக் எல்லாவற்றுக்கும் சேர்த்து பட்ஜெட் போட வேண்டும். கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள கன்ட்ரோலர் கிடைத்தால் விடக்கூடாது. கேடிஎம் நிறுவனம் குழந்தைகள் ரேஸுக்காகச் செய்யும் எஸ்எக்ஸ்-இ 5 பைக்கின் உச்சத் திறன் 5 கிலோவாட். ஆனால் அதில் ஆறு ரைடிங் மோடுகள்; கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குக் குறைந்ததில் வைத்துக் கொடுக்கலாம்.

எல்லாம் மாட்டி முடித்ததும், பிள்ளையை ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை. பின் சக்கரம் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசி திருகிப் பிடித்தபடியே பிரேக்கை லேசாகத் தொட வேண்டும். பிரேக் இறுகுவதற்கு முன்பே மோட்டார் சத்தம் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால், அந்த இரண்டு ஒயர்கள் எங்கேயோ சும்மா தொங்கிக்கொண்டிருக்கின்றன.