கற்பூரம் கரைத்த பிளாஸ்டிக்

தாம்பரம் மின்சார ரயிலுக்கு மேலே ஓடுவது செம்புக் கம்பி. மின்சாரம் கடத்த உலோகம், தடுக்க பிளாஸ்டிக் என்றே பழகிவிட்டோம். ஆனால் பாலிஅனிலின் என்ற பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தும். காரைக்குடி சிக்ரி ஆய்வகமும் இதை ஆராய்ந்திருக்கிறது. அமிலம் கலந்த நீரில் அனிலினோடு அம்மோனியம் பெர்சல்ஃபேட்டைச் சேர்த்தால், பாலிஅனிலின் கரும்பச்சைத் தூளாகப் படியும். செய்வது எளிது, கரைப்பதுதான் பெரும்பாடு. கரையாவிட்டால் மெல்லிய படலமாகப் பூசுவது எப்படி?

1992-ல் விஞ்ஞானி ஆலன் ஹீகரின் குழு வழி கண்டது. நம் பூஜையறைக் கற்பூரத்திலிருந்து தயாரிக்கக்கூடிய கற்பூர சல்ஃபோனிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். மெட்டா கிரெசால் என்ற திரவத்தில் பாலிஅனிலின் அழகாகக் கரைந்தது! அதைப் பூசிக் காயவைத்தால் மின்சாரம் கடத்தும் பச்சைப் படலம். செம்புக்கு ஈடில்லைதான், ஆனால் வளைத்தாலும் உடையாது. மின்கடத்தும் பாலிமர்களுக்காக ஹீகர், மக்டயர்மிட், ஷிரகாவா மூவரும் 2000-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.